பெஞ்சிலிருந்து வந்த கோப்பை
புள்ளிக் கணக்கில் சேராத உழைப்பே கூடைப்பந்து அணிகளைச் சாம்பியனாக்குகிறது. விட்டுக்கொடுப்பவருக்கு என்ன மிச்சம்?

ஆண்ட்ரே இக்வடாலா 10 சீசன்களில் 758 ஆட்டங்கள் ஆடியிருந்தார். எல்லாவற்றிலும் முதலில் களமிறங்கும் ஐவரில் ஒருவர். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் தங்கம் வென்ற அமெரிக்க அணியிலும் இருந்தவர். அப்படிப்பட்டவரிடம் 2014இல் ஒரு சங்கடமான கோரிக்கை வைக்கப்பட்டது. வைத்தவர் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் புதிய பயிற்சியாளர் ஸ்டீவ் கெர். இளைஞர் ஹாரிசன் பார்ன்ஸ் முதலில் இறங்கட்டும், நீங்கள் பெஞ்சிலிருந்து வாருங்கள் என்றார்.

இக்வடாலாவுக்கு இது உவப்பாக இல்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டார். அந்த சீசனில் அவர் ஆடிய 77 ஆட்டங்களிலும் மாற்று ஆட்டக்காரராகவே இறங்கினார். சராசரி 7.8 புள்ளிகள். அதுவரையிலான அவரது வாழ்க்கையில் மிகக் குறைவு.

கெரின் கணக்கு எளிமையானது. களத்தில் ஐந்து பேர், பந்தோ ஒன்று. 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். ஐவருமே எறியத் துடித்தால் ஆட்டம் குலைந்துவிடும். எதிரணி நட்சத்திரத்தை மறிக்க ஒருவர் வேண்டும். சகாவுக்கு வழிவிட எதிராளியின் பாதையில் சுவராக நிற்க ஒருவர் வேண்டும். ஸ்டெஃபன் கர்ரி ஓய்வெடுக்கும்போது நிதானமாகப் பந்தை நகர்த்தவும் ஆள் வேண்டும். இந்த வேலைகளில் பெரும்பாலானவை மறுநாள் பத்திரிகையின் புள்ளிப் பட்டியலில் வருவதில்லை.

கெருக்கு இது ஏட்டுப் படிப்பல்ல. ஆட்டக்காரராக அவர் ஆடிய 910 ஆட்டங்களில் முதலில் இறங்கியவை வெறும் 30. ஆனால் 5 சாம்பியன் பட்டங்கள் பெற்றவர். 1997 இறுதிப் போட்டியின் 6ஆவது ஆட்டத்தில் யூட்டாவும் சிகாகோவும் 86-86 என்று சமநிலையில் இருந்தன. மைக்கேல் ஜோர்டனை இருவர் சூழ்ந்துகொண்டார்கள். அவர் பந்தைக் கெரிடம் தள்ளினார். கெர் எறிந்தார். கோப்பை சிகாகோவுக்கு. ஜோர்டன் தந்ததும் பெரிது. தரப்படும் வரை கெர் காத்திருந்ததும் பெரிது.

பெஞ்சில் உட்கார்ந்தவர் கேட்டதால்தான் இக்வடாலா இசைந்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இடம் அவமானமல்ல என்று சொல்லும் தகுதி கெருக்கு இருந்தது.

2015 இறுதிப் போட்டியில் 3 ஆட்டங்கள் முடிந்தபோது லெப்ரான் ஜேம்ஸின் க்ளீவ்லாண்ட் அணி 2-1 என முன்னிலையில் இருந்தது. இக்வடாலாவை முதலிலேயே இறக்கலாம் என்ற யோசனையைச் சொன்னவர் நிக் யூரென் என்ற இளம் உதவியாளர். அதற்காக 7 அடி உயர ஆண்ட்ரூ போகட் பெஞ்சுக்குப் போனார். விட்டுக்கொடுப்பது இப்போது அவர் முறை.

அடுத்த 3 ஆட்டங்களிலும் வாரியர்ஸ் வென்றது. 40 ஆண்டுகளுக்குப் பின் கோப்பை. ஜேம்ஸை மறிக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் சுமந்த இக்வடாலா, கடைசி ஆட்டத்தில் 25 புள்ளிகளும் எடுத்தார். இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கான 11 வாக்குகளில் அவருக்கு 7, ஜேம்ஸுக்கு 4. கர்ரிக்கு ஒன்றுகூட இல்லை.

எல்லாத் தியாகமும் இப்படிப் பலிப்பதில்லை. 2013இல் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வான டேவிட் லீ, 2014இல் காயமடைந்தபோது தன் இடத்தை ட்ரேமாண்ட் கிரீனிடம் இழந்தார். முணுமுணுக்காமல் பெஞ்சில் இருந்தார். 2015 ஜூலையில், கோப்பையின் பளபளப்பு மங்குவதற்குள், அவரை பாஸ்டன் அணிக்கு மாற்றிவிட்டார்கள். அவரது பெரிய சம்பளம் அணிக்குச் சுமையாகியிருந்தது. சுயநலமின்மையைப் பாராட்டும் அணிகள் வரவு செலவையும் பார்க்கின்றன.

சகாவுக்கு மறைப்புக் கொடுப்பது, எதிரணியின் பந்தைத் தட்டிவிடுவது போன்றவற்றை அமெரிக்க லீக் 2016 முதல் எண்ணி வெளியிடுகிறது. காலம் கடந்தாவது கணக்கு தொடங்கியது.

இக்வடாலா வாரியர்ஸுடன் 4 பட்டங்கள் வென்று 2023இல் ஓய்வு பெற்றார். 2025 பிப்ரவரியில் அவரது 9ஆம் எண் சட்டை அரங்கின் உச்சியில் ஏற்றப்பட்டது. அந்த அணியில் அந்த எண்ணை இனி யாரும் அணிய முடியாது. பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவருக்கு அந்த அணி கொடுத்த நிரந்தர இடம் அது.