கொம்பும் நாரும் கூடிய வில்

ஒட்டோமான் துருக்கியரின் வில்லை வினோதத்திற்காகச் செய்யப் புகுவோர்க்குப் பொறுமையே முதல் மூலதனம். ஏனெனில் மேப்பிள் மரத்தாலான மெல்லிய நடுத்தண்டின் உட்புறத்தில் எருமைக் கொம்பின் பட்டையை ஒட்டி, வெளிப்புறத்தில், தட்டி இழையிழையாகப் பிரித்த மாட்டுத் தசைநாரை வச்சிரப் பசையில் தோய்த்துப் படியவைத்தபின், மாதக்கணக்கில் உலரவிட வேண்டும். நாணை இழுக்கையில் கொம்பு அமுக்கத்தையும் நார் இழுவிசையையும் தாங்குவதால், வெறும் மரமாயின் முறிந்துவிடக்கூடிய வளைவைக் குட்டையான இவ்வில் அநாயாசமாக ஏற்கிறது. நாணைக் கழற்றினாலோ எதிர்ப்புறமாகச் சுருண்டு ஏறக்குறைய வட்டமாகிவிடுகிறது! இவ்விசித்திரத்தின் தத்துவத்தை அறிய விழைவோர், அமெரிக்க பௌதிக சாஸ்திரி பால் கிளாப்ஸ்டெக் 1934-இல் வெளியிட்ட நூலை நாடலாம். கொம்பைச் சீவும்போது எழும் துர்நாற்றத்தை மட்டும் வீட்டார் சகித்துக்கொள்ள வேண்டும். ஈரக்காற்றோ பசையை இளக்குமாதலால், முடிந்த வில்லையும் உலர்ந்த இடத்திலேயே வைத்துப் பேணுதல் அவசியம்.