பாட்டில் எவர்சில்வர், மூடி பிளாஸ்டிக்: காயம் பட்டால் யார் பொறுப்பு?

எவர்சில்வர் பாட்டில் வாங்கப் போகிறவர் சுண்டிப் பார்ப்பார், கையில் எடை பார்ப்பார், விவரமானவர் என்றால் காந்தம்கூட வைத்துப் பார்ப்பார். எத்தனை மணி நேரம் சூடு நிற்கும் என்று கேட்பார். மூடியைக் கழற்றி உள்பக்கம் பார்க்கிறவர்கள் மிகவும் குறைவு. ஆனால் அண்மையில் அமெரிக்காவில் ஆட்களைக் காயப்படுத்தித் திரும்பப் பெறப்பட்ட இரண்டு பாத்திரங்களிலும் கோளாறு எஃகில் இல்லை, மூடியில்தான்.

முதலாவது ஸ்டான்லி நிறுவனத்தின் பயணக் குவளை. ஸ்விட்ச்பேக், ட்ரிகர் ஆக்‌ஷன் என்ற இரு வகைகளையும் சேர்த்து அமெரிக்காவில் மட்டும் சுமார் 26 லட்சம் குவளைகளை 2024 டிசம்பரில் திரும்பப் பெற்றார்கள். சூட்டிலும் திருகும் விசையிலும் மூடியின் மரை சுருங்கி, காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே மூடி கழன்றது. உலகம் முழுக்க 91 புகார்கள். 38 பேருக்குச் சூட்டுக் காயம். 2016-லிருந்து விற்பனையில் இருந்த சரக்கு இது.

இரண்டாவது, வால்மார்ட் விற்ற ஓசார்க் ட்ரெயில் என்ற பெரிய எஃகு பாட்டில். பழச்சாறு, பால், சோடா போன்றவற்றை ஊற்றி நெடுநேரம் வைத்துவிட்டுத் திறந்தபோது மூடி தெறித்து முகத்தில் அடித்தது. இருவருக்குப் பார்வை நிரந்தரமாகப் போனது. 2025 ஜூலையில் சுமார் 8.5 லட்சம் பாட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன.

எஃகும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகத் திருகப்படும் இடம் ஏன் இப்படிப் பலவீனமாகிறது? மூடிக்குப் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துகிறார்கள். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கும். சூடு பட்டால் அது எஃகைவிடப் பல மடங்கு விரியும், ஆறினால் சுருங்கும். தினமும் காலையில் கொதிக்கும் தண்ணீர், சாயங்காலம் கழுவல், இறுக்கித் திருகல் என்று போனால் மரையின் பல் மழுங்கும், வாஷர் தளரும். எஃகு பத்து வருஷம் உழைக்கும். மூடிக்கு அந்த ஆயுள் கிடையாது. பாட்டில் பளபளவென்றே இருப்பதால் நமக்கு அது தெரிவதுமில்லை.

நம் ஊர்ப் பழக்கத்தில் ஆபத்து இன்னொரு பக்கமும் இருக்கிறது. பால் டீயை ஃபிளாஸ்க்கில் ஊற்றி இளஞ்சூட்டில் அரை நாள் வைத்தால் கெட்டுப்போகும். மோரும் பழச்சாறும் புளித்தால் வாயு உண்டாகும். போகிற வழியில்லாமல் வாயு மூடியை முட்டிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட பாட்டிலை முகத்துக்கு நேரே பிடித்துத் திறக்காதீர்கள். கொஞ்சம் திருகி, காற்றை வெளியே விட்டுப் பிறகு கழற்றுங்கள். சோடாவை ஃபிளாஸ்க்கில் ஊற்றவே வேண்டாம். வாஷரைக் கழற்றி அதன் அடியில் பாருங்கள்: பல வீடுகளில் அங்கே கறுப்பாகப் பூஞ்சை இருக்கும். பள்ளிக்கூடத்துப் பாட்டில் என்றால் கட்டாயம் பாருங்கள்.

பரிசாக வரும் வண்ண வண்ண அலுமினிய பாட்டில்கள் தனி ரகம். வெளியே உலோகம், உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. குளிர்பான டின்களிலும் அலுமினியத்தைப் பானம் அரிக்காமல் காப்பது இப்படி ஒரு பூச்சுதான். அந்தப் பூச்சு உரிந்துவிட்டால் பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பது நாமே அதை உரிப்பதற்குச் சமம்.

இனி உரிமைக்கு வருவோம். குடிநீர் பாட்டில்களுக்கும் வெப்பக் காப்பு ஃபிளாஸ்க்குகளுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2023-இல் ஆணைகள் பிறப்பித்தது. செம்பு, எஃகு, அலுமினியக் குடிநீர் பாட்டில்களுக்கு உரிய தர எண் ஐ.எஸ். 17803. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் உரிமம், எந்தப் பொருளுக்கு, இன்னும் செல்லுமா என்பதெல்லாம் வரும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள்ளும், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படித்தான். இணையத்தில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும்.

காயமே பட்டுவிட்டால் அதே சட்டத்தின் பொருள் பொறுப்பு அத்தியாயம் கை கொடுக்கும். வடிவமைப்பிலோ தயாரிப்பிலோ குறை இருந்தாலும், 'சோடா ஊற்றாதீர்கள்' என்பது போன்ற எச்சரிக்கை இல்லாமல் போனாலும் தயாரிப்பாளர் பொறுப்பு. 'நாங்கள் கவனமாகத்தான் செய்தோம்' என்பதை அவர் நிரூபித்தாலும் தப்ப முடியாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். சரிவராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை ரூ.5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். உடைந்த மூடி, பில், ஆஸ்பத்திரிச் சீட்டு, போட்டோ எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஒரு பொறி இருக்கிறது. மூடி தொலைந்ததும் பஜாரில் இருபது ரூபாய்க்கு ஏதோ ஒரு மூடியை வாங்கி மாட்டுகிறோம். பொருளை மாற்றியமைத்துப் பயன்படுத்தியதால் வந்த தீங்குக்கு விற்றவர் பொறுப்பல்ல என்று சட்டமே விலக்குத் தருகிறது. அந்த மூடி தெறித்தால் நம் வழக்கு நிற்பது கஷ்டம்.

அதனால் அடுத்த முறை வாங்கும்போது 'இதற்குக் கம்பெனி மூடி தனியாகக் கிடைக்குமா' என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் அந்தப் பாட்டிலை வாங்காதீர்கள்.