ஓடும் கம்ப்யூட்டரில் ராமைக் கழற்றலாமா?

பென் டிரைவைக் கம்ப்யூட்டர் ஓடிக் கொண்டிருக்கும்போதே செருகுகிறோம், எடுக்கிறோம். ராம் மெமரியையும் அப்படிச் செய்தால் என்ன? காரைக்குடியில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய என் சித்தப்பா கேட்ட கேள்வி இது. பதிலை முதலிலேயே சொல்லி விடுகிறேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்யவே கூடாது. ராம் வீணாகும், மதர்போர்டும் சேர்ந்து போகலாம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. இதற்கென்றே தயாரிக்கப்பட்ட சில பெரிய சர்வர்களில் மெஷினை நிறுத்தாமலே மெமரியைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். அது எப்படி என்று பார்ப்போம்.

விண்டோஸ், லினக்ஸ் எதுவானாலும் அதன் மையத்தில் கெர்னல் என்ற புரோகிராம் இருக்கிறது. ராமில் எந்த இடம் யாருக்கு என்று முடிவு செய்வது அதுதான். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் கம்ப்யூட்டர்களில் ராமை 4 கேபி அளவுள்ள சிறு துண்டுகளாக அது பிரித்துக் கொள்கிறது. ஒரு துண்டுக்குப் பேஜ் என்று பெயர். நம் செட்டிநாட்டு வீடுகளை நினைத்துக் கொள்ளுங்கள். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை. எந்த அறை யாருடையது என்பது வீட்டுப் பெரியவருக்குத் தெரியும். கெர்னல்தான் இங்கே அந்தப் பெரியவர்.

புதிய மெமரியைச் சேர்ப்பது சுலபம். புதிதாக ஒரு கட்டு கட்டி, கூட்டிப் பெருக்கி, சாவியைக் கொடுப்பது போலத்தான். லினக்ஸில் இது இரண்டு படிகளாக நடக்கும். முதலில் இவ்வளவு மெமரி வந்திருக்கிறது என்று கெர்னல் பதிவு செய்யும். பிறகுதான் அதைப் பயன்பாட்டுக்குத் திறந்து விடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 64 பிட் லினக்ஸில் ஒவ்வொரு பேஜுக்கும் கணக்கு வைக்க சுமார் 64 பைட் தேவை. 1 ஜிபி மெமரியில் 2,62,144 பேஜ்கள். ஆகவே கணக்குப் புத்தகத்துக்கு மட்டும் 16 எம்பி போய் விடுகிறது. மெமரியைச் சேர்க்கவே மெமரி வேண்டும்!

எடுப்பதுதான் கஷ்டம். அறையில் ஆள் குடியிருக்கும்போது கட்டை இடிக்க முடியுமா? முதலில் காலி செய்ய வேண்டும். எடுக்கப் போகும் பகுதியில் புதிதாக யாருக்கும் இடம் கொடுக்காமல் கெர்னல் நிறுத்தி விடும். பிறகு அங்குள்ள பேஜ்களை ஒவ்வொன்றாக வேறு இடத்துக்குக் காப்பி செய்யும். அப்போது அந்த புரோகிராம் குழம்பாதா என்று கேட்பீர்கள். குழம்பாது. ஒரு புரோகிராமுக்குத் தெரிந்த முகவரி வேறு, ராமில் உள்ள உண்மையான முகவரி வேறு. இரண்டையும் இணைக்கும் அட்டவணை கெர்னலிடம் இருக்கிறது. அட்டவணையில் எண்ணை மாற்றி விட்டால் போதும். நீங்கள் டைப் செய்து கொண்டிருக்கும் கடிதம் இடம் மாறியது வேர்டுக்கே தெரியாது.

எல்லாவற்றையும் இப்படி நகர்த்த முடியாது என்பதுதான் சிக்கல். கெர்னல் தன் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக் கொண்ட இடங்களில் பெரும்பகுதி அசையாது. வளவுத் தூணைப் போல. அவற்றுக்கு நேரடி முகவரியைப் பல இடங்களில் குறித்து வைத்திருப்பதால் மாற்றினால் எல்லாம் சரிந்து விடும். 128 எம்பி அளவுள்ள ஒரு தொகுதியில் இப்படி ஒரே ஒரு பேஜ் இருந்தாலும் அந்தத் தொகுதியை எடுக்க முடியாது. இதற்கு லினக்ஸ் கண்ட வழி, நகரக்கூடிய பேஜ்களுக்கு மட்டும் என்று ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்கி வைப்பது. 2007 அக்டோபரில் வந்த 2.6.23 பதிப்பில் இது சேர்ந்தது. விண்டோஸைப் பொறுத்தவரை, சர்வர் 2003-இன் என்டர்பிரைஸ், டேட்டாசென்டர் பதிப்புகளிலேயே ஓடும்போது மெமரியைச் சேர்க்கும் வசதி வந்து விட்டது. சேர்ப்பது முதலில் வந்ததில் ஆச்சரியமில்லை.

இன்று இந்த வேலை பெரும்பாலும் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமலே நடக்கிறது. 2015-இல் மைக்ரோசாஃப்ட் சென்னையில் தொடங்கியது போன்ற டேட்டா சென்டர்களில் ஒரு பெரிய சர்வரைப் பல கற்பனைக் கம்ப்யூட்டர்களாகப் பிரிக்கிறார்கள். கூட்டம் அதிகமானால் ஒன்றுக்கு மெமரியைக் கூட்டலாம், ஓய்ந்ததும் திரும்ப வாங்கலாம். இதற்கென்றே விர்ட்ஐஓ-மெம் என்ற முறை 2020-இல் லினக்ஸ் 5.8-இல் சேர்ந்தது. அங்கேயும் கொடுப்பது சுலபம், வாங்குவதுதான் இழுபறி.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் மதர்போர்டில் இதற்கான மின்சுற்று கிடையாது. கெர்னலுக்கு முன்கூட்டிச் சொல்ல வழியும் இல்லை. குடியிருப்பவர்களோடு அறையைப் பிடுங்குவது போலத்தான். கவனிக்க வேண்டியது ஸ்லீப் நிலை. திரை இருண்டு, ஃபேன் நின்று, கம்ப்யூட்டர் அணைந்தது போலவே இருக்கும். ஆனால் ராமுக்கு மின்சாரம் போய்க் கொண்டேதான் இருக்கும், உங்கள் வேலை அதில்தான் நிற்கிறது. ஆகவே ராம் மாற்றும் முன் ஷட்டவுன் செய்து, சுவரில் உள்ள பிளக்கைப் பிடுங்குங்கள். யு.பி.எஸ். இருந்தால் கேபிளை அதிலிருந்தும் கழற்றுங்கள். கரண்ட் இல்லாவிட்டாலும் அது மின்சாரம் கொடுக்கும். பிறகு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரமும் இறங்கி விடும். லேப்டாப் வைத்திருப்பவர்கள் கழற்றும் முன் மாடலைப் பாருங்கள். பல மெல்லிய லேப்டாப்களில் ராம் போர்டோடு சேர்த்தே சால்டர் செய்யப்பட்டிருக்கிறது.