நான்கு நிமிடமும் பத்துக் கிலோமீட்டரும்

ஒரகடம் நாற்சந்தியில் மாலை வேளையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் அங்கே ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் ஆகியவற்றைச் செய்யும் தொழிற்சாலைகள் சுற்றிலும் நிற்கின்றன. ஷிப்ட் முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்கள், கன்டெய்னர் லாரிகள், இருசக்கர வண்டிகள் எனச் சாலை நிறைந்திருக்கிறது. அதற்கிடையே ஒரு சைரன் ஒலி கேட்கிறது. வண்டி நெருங்கும்போது ஒலியின் சுருதி உயர்ந்தும், நம்மைக் கடந்தபின் தாழ்ந்தும் கேட்கிறது. இதுதான் டாப்ளர் விளைவு என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள். ஆனால் அந்த வண்டிக்குள் இருப்பவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்? ஒரு நாள் அவரருகே நாம் அமர்ந்திருப்பதாகக் கொண்டு பார்ப்போம்.

வண்டியில் இருவர்

நெடுங்காலம் ஆம்புலன்ஸ் என்பது நோயாளியை மருத்துவமனையில் சேர்க்கும் ஒரு வண்டி மட்டுமே. சிகிச்சையையே நோயாளியிடம் கொண்டு சென்றால் என்ன என்ற எண்ணம் பிறகுதான் வலுப்பெற்றது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் என்ற இதய மருத்துவர், தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்னதிர்ச்சியால் சீராக்கும் கருவியை 1965-ல் கார் பேட்டரியால் இயங்கும்படி அமைத்தார். சுமார் 70 கிலோகிராம் எடையுள்ள அக்கருவி ஆம்புலன்ஸில் ஏறியது. மருத்துவமனையின் ஒரு பகுதியே சாலைக்கு வந்துவிட்டது எனலாம்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008-ம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. வண்டிக்கு இருவர். ஒருவர் ஓட்டுநர், அவரைப் பைலட் என்றே அழைப்பர். மற்றவர் மருத்துவ உதவியாளர். இவர் டாக்டர் அல்லர். நர்சிங் படித்தவராகவோ, விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களில் பட்டம் பெற்றவராகவோ இருப்பார். அதன்மேல் 50 நாள் பயிற்சி பெற்றே வண்டியில் ஏறுகிறார். ஒரு முறைப்பணி 12 மணி நேரம் நீடிக்கும். அது பகலாகவும் இருக்கலாம், இரவாகவும் இருக்கலாம்.

பணிக்கு வந்ததும் முதல் வேலை, கருவிகளைச் சரிபார்ப்பது. ஆக்சிஜன் சிலிண்டரின் அழுத்தமானியைப் பார்க்கிறார். உள்ளளவு 10 லிட்டர், அழுத்தம் 150 வளிமண்டலம் எனக் கொள்வோம். பாயில் விதிப்படி, வெளியே வந்தால் அந்த வாயு சுமார் 1500 லிட்டர் ஆகும். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால் 150 நிமிடம் வரும். முள் 30-ஐக் காட்டினால்? அரை மணி நேரம்தான்! போக்குவரத்து நெரிசலில் அது போதாமற் போகலாம். தேர்வில் ஐந்து மதிப்பெண் பெற்றுத் தரும் கணக்கு இங்கே ஒருவரின் மூச்சைக் காக்கிறது.

வேகம் எவ்வளவு உதவும்?

அழைப்பு வருகிறது. பத்துக் கிலோமீட்டர் தொலைவில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சென்றால் 10 நிமிடத்தில் சேரலாம். 80 கி.மீ. வேகத்தில் சென்றால் 7½ நிமிடம். மிச்சம் 2½ நிமிடம். சரி, இதற்கு என்ன விலை கொடுக்கிறோம்?

பிரேக் போட்டபின் வண்டி ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். காய்ந்த சாலையில் எதிர்முடுக்கம் வினாடிக்கு வினாடி 7 மீட்டர் எனக் கொண்டால், 60 கி.மீ. வேகத்தில் அத்தூரம் சுமார் 20 மீட்டர். 80-ல் சுமார் 35 மீட்டர். குறுக்கே ஒரு சைக்கிள் வந்தால் இந்த 15 மீட்டர் இன்னோர் உயிரை வாங்கிவிடும். நல்ல பைலட் இதை அறிந்தே ஓட்டுகிறார்.

இதயம் நின்றுவிட்டால் நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளைச் செல்கள் சேதமடையத் தொடங்குகின்றன. பத்துக் கிலோமீட்டரை நான்கு நிமிடத்தில் கடக்க மணிக்கு 150 கி.மீ. வேகம் வேண்டும். ஒரகடம் சாலையில் அது நடக்குமா? நடக்காது. எனவே, எஞ்சின் எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும், அந்த நான்கு நிமிடத்தை வேகத்தால் மட்டும் வெல்ல முடியாது. வேறு இடங்களில்தான் நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும்.

முதல் இடம், தொலைபேசி. ஒரே மாதிரியான நீண்ட மதிற்சுவர்கள் உள்ள இப்பகுதியில் ‘கம்பெனி பக்கத்தில்’ என்று சொன்னால் எந்தக் கம்பெனி என்று தேடுவது? எந்தச் சாலை, எத்தனையாவது கேட், அருகில் என்ன கோயில் அல்லது கடை என்று சொன்னால் சில நிமிடங்கள் மிச்சம். இங்கே பீகார், ஒடிசா, வங்காளம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து வேலை செய்வோர் பலர். ‘எங்கே வலிக்கிறது?’ என்று இந்தியில் கேட்கத் தெரிந்த மருத்துவ உதவியாளருக்கு அந்த ஒரு வாக்கியமே ஒரு மருத்துவக் கருவி.

இடத்தை அடைந்தபின்

அவர் முதலில் பார்ப்பது நோயாளியை அன்று, சுற்றுப்புறத்தை. அறுந்த மின்கம்பி, கசியும் எண்ணெய், வேகமாக வரும் லாரி இருக்கின்றனவா? காப்பாற்ற வந்தவரே அடிபட்டால் நோயாளிகள் இருவராகிவிடுவர். பிறகு மூச்சு, இரத்தப் பெருக்கு, நினைவு என்று வரிசையாகப் பார்க்கிறார்.

சாலை விபத்தில் வெளியே காயமில்லாதவரையும் அவர் எளிதாக விட்டுவிடுவதில்லை. 60 கி.மீ. வேகத்தில் மோதி நிற்பது, சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். நான்கு மாடிக் கட்டடத்திலிருந்து விழுந்தவரை ‘நன்றாகத்தான் இருக்கிறார்’ என்று விட்டுவிடுவோமா? உள்ளே இரத்தம் கசியலாம். வேகமான நாடியும் குளிர்ந்து வியர்த்த தோலும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

விரலில் ஒரு சிறு கருவியை மாட்டுகிறார். அது சிவப்பொளியையும் அகச்சிவப்புக் கதிரையும் விரல் வழியே செலுத்துகிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பொளியைக் குறைவாகவும், ஏறாதது அதிகமாகவும் உட்கவரும். இந்த வேறுபாட்டிலிருந்து இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு கிடைக்கிறது. 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி கண்ட வழி இது.

500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ உதவி அறை இருக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. சிறு பட்டறைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே தகடு அழுத்தும் பிரஸ் எந்திரத்தில் ஒருவரின் விரல் துண்டாகிவிட்டால்? துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியின்மேல் வைக்க வேண்டும். விரலையே பனிக்கட்டியில் போடக்கூடாது. குளிர் செல்களின் வேதிமாற்றத்தைத் தாமதப்படுத்தும். ஆனால் உறைந்தால் செல்லுக்குள் தோன்றும் பனிப்படிகங்கள் அதைக் கிழித்துவிடும்.

பிறகு பயணம். பைலட் பிரேக் போடும்போதெல்லாம், நியூட்டனின் முதல் விதி உதவியாளரை முன்னே தள்ளுகிறது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இரத்தத்தை அடக்குகிறார். சில நாள் இதே வண்டியில் குழந்தையும் பிறக்கும். எந்த மருத்துவமனைக்குச் செல்வது? அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூருக்கா, அறுவைச் சிகிச்சைக்கு வழியுள்ள செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கா? அதையும் சில வினாடிகளில் முடிவு செய்தாக வேண்டும். சாலை விபத்தானால் பணத்தைப் பற்றிய தயக்கம் வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அடிபட்டவர் எம்மாநிலத்தவரானாலும் முதல் 48 மணி நேரத்தில் வரையறுத்த செலவு வரை இலவசச் சிகிச்சை உண்டு.

நோயாளியை ஒப்படைத்தபின் வண்டியின் தரையைக் கழுவி, பதிவேட்டை நிரப்பி, அடுத்த அழைப்புக்குத் தயாராகிறார் உதவியாளர். தாம் கொண்டுவந்தவர் பிழைத்தாரா என்பது பல வேளைகளில் அவருக்குத் தெரியாமலே போகும். இப்பணியின் கடினமான பகுதி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த நான்கு நிமிடம் யாருடையது?

மாணவ நண்பர்களே! வண்டி வந்து சேரும்வரை உள்ள நேரம் அருகில் நிற்பவருடையது. அது நீங்களாக இருக்கலாம். சாய்ந்தவர் அசைவின்றி, இயல்பான மூச்சின்றிக் கிடந்தால் உடனே 108-ஐ அழைக்கச் செய்யுங்கள். மார்பின் நடுவில் ஒரு கைமேல் மறு கையை வைத்து, 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, உதவி வரும்வரை அழுத்துங்கள். இரத்தத்தில் எஞ்சியுள்ள ஆக்சிஜனை மூளைக்கு அனுப்ப இந்தக் கைப்பம்பு போதும். இதை முறையாக உங்கள் பள்ளியில் கற்றுத்தரும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். போலீஸ் தொல்லை வரும் என்று அஞ்ச வேண்டாம். விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவுபவருக்கு 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கோ அதே சட்டம் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது.

அடுத்த முறை சைரன் ஒலி கேட்கும்போது அதன் சுருதி மாறுவதைக் கவனியுங்கள். ஆனால் அதற்குமுன் ஓரமாக ஒதுங்கி வழிவிடுங்கள்.