பழுத்தால் அழகு, வெளுத்தால் ஆபத்து

மும்பையில் இலையுதிர் காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. இருந்தும், குளிர் விலகும் நாட்களில் மாட்டுங்கா, செம்பூர் தெருக்களில் நாட்டு வாதுமை மரங்கள் சிவந்துவிடுகின்றன. இலையை உதிர்க்கும் முன் மரம் பச்சையத்தைச் சிதைத்து, சத்துகளைக் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. ஆந்தோசயனின் என்ற நிறமி சிவப்பைத் தருகிறது. சில வாரங்களில் புதுத் தளிர். மரம் ஆரோக்கியமாக இருப்பதன் அடையாளம் இது.

தூங்குமூஞ்சி மரங்களின் கதை வேறு. அவையும் கோடையையொட்டி இலையுதிர்ப்பவைதான். ஆனால் 2010க்குப் பிந்தைய ஆண்டுகளில், சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சி தாக்கியதில் நகரின் பல மரங்கள் மீண்டும் துளிர்க்கவேயில்லை. அடிமரத்தை நெருக்கிப் பூசும் சிமெண்ட், வேருக்கு நீரும் காற்றும் எட்டாமல் செய்து மரத்தை மேலும் பலவீனப்படுத்துகிறது. பட்ட கிளை பருவமழையில் யார் தலையிலும் விழலாம்.

டெல்லி மரங்களைச் சுற்றி 1 மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்ற தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. உத்தரவு தலைநகருக்குத்தான். அந்த 1 மீட்டர் மண் மாட்டுங்கா மரத்துக்கும் வேண்டும். மழைக்கு முன் துளிர் வராத மரத்தின் அடியைக் குடியிருப்போர் ஒருமுறை குனிந்து பார்ப்பது நல்லது.