இரு பதிவுகள், ஒரு பாடல்: ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழு 1967 பிப்ரவரியில் வெளியிட்ட ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’, சைக்கடெலிக் பாப் வகையின் முதன்மையான பாடல்களுள் ஒன்றாகும். இவ்வகையின் கனவுத்தன்மையைப் போதைப்பொருள் அனுபவத்தோடு மட்டும் தொடர்புபடுத்துவது போதாது என்பதை இதன் ஆக்கமுறை உணர்த்துகிறது.

லிவர்பூலில் தாம் வளர்ந்த வீட்டருகே இருந்த சிறுவர் இல்லத்தின் நினைவிலிருந்து ஜான் லெனன் இதனை இயற்றினார். மென்மையான பதிவொன்றின் தொடக்கத்தையும், டிரம்பெட்டும் செல்லோவும் ஒலிக்கும் மற்றொரு பதிவையும் இணைக்க அவர் விரும்பினார். சுருதியிலும் வேகத்திலும் வேறுபட்ட அவற்றை, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக்கும் நாடாவின் வேகத்தை மாற்றி இணைத்தனர். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் நிகழும் அவ்விணைப்புக்குப்பின், வேகம் குறைக்கப்பட்டதால் லெனனின் குரல் கனத்து ஒலிக்கிறது. நினைவுகூர்பவரே வேறொருவரானது போன்ற மயக்கம் தோன்றுகிறது. எனவே, இத்தகைய பாடல்களை ஆராய்வோர் ஒலிப்பதிவு நுட்பத்தையும் பனுவலின் கூறாகவே கொள்ளுதல் வேண்டும்.