சவரக்கத்தியும் தீட்டுக்கல்லும்

அமீர்பேட்டின் முடிதிருத்தகங்களில் இன்று, வருவோர் ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடின் பாதியை ஒடித்துக் கத்தியில் செருகுவதைப் பார்த்திருப்பீர்கள். குருதிவழி நோய் பரவாதிருக்க இம்முறை வேண்டும். முற்காலத்து முடிதிருத்துநரோ ஒரே சவரக்கத்தியைப் பல்லாண்டுகள் பயன்படுத்தினார். கத்தியின் வெட்டும் விளிம்புக்கு 'வாய்' என்று பெயர். வாய் மழுங்கினாலோ, அதில் சிறு பல் விழுந்தாலோ, துன்புறுவது மற்றொருவரின் கன்னம். ஆகவே, தீட்டும் திறன் அவர் தொழிலில் பாதி எனலாம்.

எல்லாக் கல்லும் அதற்கு உதவாது. சாணை பிடிப்பவரின் சக்கரம் அரிவாளுக்கு ஏற்றது. மெல்லிய சவரக்கத்தியோ அதில் சூடேறிக் கெடும். பழைய சாணைச் சக்கரங்களைக் குருந்தக்கல் பொடியை அரக்கில் குழைத்துச் செய்தனர். கடினத்தை அளக்கும் மோ அளவுகோலில் வைரம் 10, குருந்தம் 9. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் இக்கல் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் வழங்கும் 'கொரண்டம்' என்னும் பெயரும் நம் குருந்தத்திலிருந்து சென்றதே! தெலுங்கில் இது குருவிந்தம்.

கோல்கொண்டாக் குன்றின் கருங்கல்லும் சவரக்கத்திக்கு ஆகாது. அதன் மணிகள் கண்ணுக்கே தெரியுமளவு பெரியவை; வாயைக் கீறிவிடும். மிக நுண்ணிய துகள்களாலான கல்லே வேண்டும். பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதி மஞ்சள் கல்லும், ஜப்பானின் கியோட்டோ அருகே வெட்டியெடுத்த கற்களும் இதற்குப் புகழ்பெற்றவை. பெல்ஜியக் கல்லில் தலைமயிரின் தடிமனைவிடச் சிறிய கார்னெட் மணிகள் செறிந்துள்ளன.

சந்தனம் அரைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கல் தேயாது, கட்டை தேய்ந்து குழம்பாகும். இங்கே தேய்வது கல். நனைத்த தீட்டுக்கல்லின்மேல் சிறிய கல்லொன்றைத் தேய்த்தால், துகள்கள் பிரிந்து நீர் பால்போல் கலங்கும். இக்கற்சேற்றில் கத்தியைக் கிடத்தி, முதுகும் வாயும் ஒருங்கே கல்லைத் தொடுமாறு தள்ளுவர். கெட்டியான சேறு இரும்பை விரைந்து தேய்க்கும். ஆனால், மிதக்கும் துகள்களில் மோதி மோதி வாய் முழுக்கூர்மை பெறாது நின்றுவிடும். எனவே, சொட்டுச் சொட்டாக நீர் சேர்த்துச் சேற்றை நீர்க்கச் செய்து, இறுதியில் தெளிந்த நீரிலேயே தீட்டி முடிப்பர். பொறுமையற்றவர் தவறுவது இந்த இடத்தில்தான்.

பின்னர்த் தோல்வாரில் இருபுறமும் மாற்றி மாற்றி இழுப்பர். அப்போது மட்டும் முதுகு முன்செல்ல வேண்டும். வாய் முன்சென்றால் வார் அறுபடும்.